'அண்ணன்' என்று தட்டினால்

என் வேலை மன்னிப்புக் கேட்பது. சம்பளச் சீட்டில் அதற்கு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். ஆனால் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை நான் செய்வது அதுதான். எங்கோ வெளிநாட்டில் ஒருவருக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் திறக்காது. அவர் சாட்டில் வந்து கத்துவார். நான் ஓசூர் ரோட்டுப் பொம்மசந்திராவில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிப்பேன். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் கத்துவார்கள். எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஏறக்குறைய ஒன்றே. அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடித்து விரல் மூட்டு வீங்கிப்போனவர்கள் எங்கள் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் விரலைக் காப்பாற்றியது ஒரு சின்ன நிரல். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. எழுதியவர் யாரென்று தெரியாது, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதற்குப் படம் கிடையாது, பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் வேலை செய்யும். நீளமான ஒரு செய்தியைக் கொடுத்து அதற்கு ஒரு சின்னப் பெயர் வைத்துவிட வேண்டும். பிறகு எப்போது அந்தப் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினாலும் முழுச் செய்தியும் நகலெடுத்தபடி தயாராக இருக்கும். வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது. கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தரும். இது என்றைக்குக் கொடுத்தது, இன்னும் சரிதானா என்றெல்லாம் கேட்காது.

பெயர்களை ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்தேன். 'பொறு' என்று தட்டினால், தங்கள் பொறுமைக்கு நன்றி, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று வரும். 'மன்னி' என்றால் ஒரு பத்தி முழுக்க மன்னிப்பு. இருப்பதிலேயே பணிவான, தேன் ஒழுகும் செய்திக்கு 'சனியன்' என்று பெயர். அது தேவைப்படுகிற வாடிக்கையாளர்கள் அப்படிப்பட்டவர்கள். எங்கள் டீம் லீடர் வடக்கத்திக்காரர். ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அது ஒரு கிரகம் என்றேன். நல்ல பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பட்டியலில் 'அண்ணன்' என்றும் ஒன்று இருந்தது.

அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒக்கலிபுரத்து மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு காலத்தில் அவனும் பொம்மசந்திராவில்தான் வேலை பார்த்தான், பிளாஸ்டிக் வார்க்கும் ஃபாக்டரி ஒன்றில். அவன் பார்த்த ஓவர்டைமில்தான் நான் டிகிரி முடித்தேன். பிறகு அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மாத்திரை சாப்பிட்டால் குரல்கள் அடங்கியிருக்கும். அவனும் டீ குடித்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து டிவி சீரியல் மாமியாரைத் திட்டிக்கொண்டு, எல்லா அண்ணன்களையும்போல இருப்பான். மாத்திரை விட்டுப்போனால் குரல்கள் அவனை வெளியே கூப்பிடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ஒரு முறை அவன் அதன் மேல் நடந்துபோனான். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் இழுத்துத் தள்ளினார்கள். அன்று ஜல்லியில் விழுந்த தழும்பு இன்னும் அவன் இடது புருவத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து, அவன் வீட்டில் இல்லை என்று யாராவது சொன்னால் என் காதில் முதலில் விழுவது அந்த ஹாரன்தான்.

முதல் முறை காணாமல் போனபோது அழுதுகொண்டே அறிவிப்பை எழுதினேன். மர்பி டவுனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் எங்கள் புத்த விகாரில் கூடுகிறவர்களுக்கும் தமிழில் ஒன்று. ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோக்காரர்கள் குழுவுக்குக் கன்னடத்தில் ஒன்று. சுற்றியிருக்கும் அபார்ட்மென்ட் குழுக்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. அவன் அன்று மாலையே ஒரு கோயில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அகப்பட்டான். அடுத்த முறையும் அழுதுகொண்டே எழுதினேன். அதற்கும் அடுத்த முறை அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதே வரிகளை மறுபடியும் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஊர் உலகத்தில் இருக்கிற சனியன்களுக்கெல்லாம் ஒரு தட்டில் செய்தி போகிறது, என் அண்ணனுக்கு மட்டும் நான் ஏன் முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்று தோன்றியது. மூன்று மொழியிலும் சேமித்து வைத்தேன்.

'இவரைக் காணவில்லை. வயது நாற்பதுக்கு மேல். மாநிறம், ஒல்லி. நீலக் கட்டம் போட்ட சட்டை, காக்கிப் பேன்ட். இடது புருவத்தில் தழும்பு. யாருக்கும் தொந்தரவு தர மாட்டார். மாத்திரை சாப்பிட வேண்டியவர். பார்த்தால் தயவுசெய்து அதட்டாமல் உட்கார வைத்து என்னைக் கூப்பிடுங்கள்.' கீழே என் எண்.

அதைச் சேமித்து வைத்த அன்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. இனிமேல் அவன் போனால் நான் தாமதிக்க மாட்டேன், அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிடும் என்று நினைத்தேன். தேடுகிற வேலையில் பாதி அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டதாகவே நம்பினேன்.

பிறகு கொஞ்ச காலம் அந்தச் சொல்லுக்கு வேலையே வரவில்லை. நோய்த்தொற்று வந்து ஆபீஸை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியது உலகத்துக்கெல்லாம் கஷ்டம், எங்கள் வீட்டுக்கு மட்டும் நிம்மதி. நான் மேஜையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன், அண்ணன் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பான். "இன்னிக்கு யார் திட்றாங்க பாப்பா?" என்று கேட்பான். நான் நாட்டின் பெயரைச் சொன்னால், "அவங்களுக்கு இன்னா கஷ்டமோ" என்பான். மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். எங்கேயும் போகவில்லை அவன்.

தொற்று ஓய்ந்தும் சில வருடங்கள் அப்படியே ஓடின. பிறகு ஒரு நாள், வாரத்தில் மூன்று நாள் எல்லோரும் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும் என்று மெயில் வந்தது. எனக்கு மட்டும் விலக்குத் தர முடியுமா என்று லீடரிடம் கேட்டேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்றிதழ் கொடு, மேலே அனுப்புகிறேன் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அண்ணனின் நோயின் பெயரை எழுதிய ஒரு காகிதம் அந்தக் கட்டடத்துக்குள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதலில் பரிதாபப்படுவார்கள். பிறகு, ஆட்களைக் குறைக்கும் காலம் வரும்போது, பாவம், வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். பக்கத்து டீமில் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. இந்தச் சம்பளம் போனால் மாத்திரை போகும். நான் காகிதம் கொடுக்கவில்லை.

கீழ்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைப்பவர். காலையில் மேலே போய் அண்ணனுக்கு நாஷ்டாவும் மாத்திரையும் கொடுப்பார். பிறகு அவன் கீழே வந்து அவர் வாசற்படியில் உட்கார்ந்து ஊக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். நான் விடியற்காலையில், அவன் எழுந்திருக்கும் முன் கிளம்பி, மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறிவிடுவேன். சில வாரங்கள் இது நன்றாகவே போயிற்று.

அன்று சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் போன் வந்தது. எனக்கு மூன்று சாட் திறந்திருந்தது.

"ஏம்மா, அண்ணன் ஒன்கூட வந்துச்சா?"

"என்கூட எப்படிக்கா வரும்?"

"நாஷ்டா குடுக்க மேல போனேன், கதவு தொறந்துக்கினு இருந்துச்சு. ஆள் இல்ல. மாத்திரை வெச்ச எடத்துலயே கீது. ஒன்ன எதுக்கு பயமுறுத்தறதுன்னு காலைலேர்ந்து நானே தேடிக்கினு இருக்கேம்மா. சந்து பூரா பாத்துட்டேன். ரயில் ரோடு பக்கம்கூட—"

ரயில் என்ற சொல்லோடு நான் போனை வைத்துவிட்டேன். கை தானாக 'அண்ணன்' என்று தட்டியது. ஒட்டினேன், அடுத்த குழு, ஒட்டினேன், அடுத்தது. போனில் இருந்த அவன் படத்தையும் சேர்த்தேன். கன்னடச் செய்தியை ஆட்டோக் குழுவில் ஒட்டுவதாக நினைத்து, திறந்திருந்த சாட் ஒன்றில் ஒட்டி அனுப்பிவிட்டேன். எங்கோ ஒரு தேசத்தில், காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு, என் அண்ணன் ஒல்லி, மாநிறம் என்று கன்னடத்தில் போயிற்று. இது என் ரீஃபண்ட் பற்றியா என்று அவர் கேட்டார். நான் 'மன்னி' என்று தட்டி அவருக்கு ஒட்டிவிட்டு, கன்னடச் செய்தியை ஆட்டோக் குழுவிலும் போட்டுவிட்டு, லீடரிடம் தலைவலி என்று சொல்லி, லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். ஆபீஸில் யாரிடமும் வேறு எதுவும் சொல்லவில்லை.

மெட்ரோவில் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். போன் விடாமல் அதிர்ந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று மார்க்கெட் பக்கம் போகிறது என்றார் ஒருவர். இன்னொருவர் மல்லேஸ்வரத்தில் பார்த்தார். ஒரு பெண் படம் எடுத்தே அனுப்பினாள், அது ஒரு கூரியர்க்காரர். இந்த ஊரில் நீலக் கட்டம் போட்ட சட்டை இத்தனை பேரிடம் இருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. சொந்தக்காரர்கள் குழுவில் ஒருவர், 'மறுபடியுமா? கட்டிப் போட்டு வைங்க' என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் என்ன பெயர் வைத்து என்ன செய்தி சேமித்திருக்கிறேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நீலக் கட்டம் சட்டை ஒன்று பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பதாக ஒரு கண்டக்டர் கூப்பிட்டார். சுரங்கப் பாதையில் எல்லோரையும் இடித்துக்கொண்டு ஓடினேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அவனேதான். அதே ஒல்லித் தோள். "அண்ணா" என்று தோளைத் தொட்டேன். திரும்பியவருக்கு மீசை நரைத்திருந்தது. அவர் கோபப்படவில்லை. "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்கிறார். அவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து வீட்டுப் பக்கம் போனேன். தண்டவாளத்தைப் பார்க்காமல் வேறு எங்கேயும் தேட முடியாது என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. வேலிக் கம்பி வளைந்த இடத்தில் நுழைந்து பாதையோரமாகவே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே துணி மூட்டைபோல ஏதோ கிடந்தது. என் கால்கள் நின்றுவிட்டன. போய்ப் பார்க்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறேன், நீலம் தெரிகிறதா, கட்டம் தெரிகிறதா. பாதை வேலைக்காரர் ஒருவர் அந்தப் பக்கமிருந்து வந்து அதைக் குச்சியால் தூக்கி ஓரமாகப் போட்டார். யாரோ ரயிலிலிருந்து வீசிய கிழிந்த போர்வை. என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "இல்லி யாரூ பந்தில்லம்மா, மனெகெ ஹோகி" என்றார். இங்கே யாரும் வரவில்லை, வீட்டுக்குப் போங்கள். நான் ஜல்லியிலேயே உட்கார்ந்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. ஒரேயடியாகப் போய்த் தொலைந்தாலாவது தேடாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்த உடனே பயந்துபோய், இல்லை இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். கன்னடக் குழுவில் இருப்பவர்கள்தான் எல்லோரும், எனக்கு முகம் தெரியும். வண்டியில் சாய்ந்து நின்ற ஒரு டிரைவர், ஒரு காலத்தில் எங்கள் சந்தில் குடியிருந்தவர், என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"கெடச்சாராக்கா?"

"இல்லப்பா."

"காலைல ஒருத்தரப் பாத்தேன், மூஞ்சி ஒங்க அண்ணன் மாதிரியேதான் இருந்துச்சு. புருவத்துல தழும்புகூட. அப்புறம் நீங்க போட்ட மெசேஜப் பாத்தா நீலக் கட்டம்னு போட்டிருக்கீங்க. இவரு மஞ்சா டீ-ஷர்ட்டு. சரி, வேற ஆளுன்னு உட்டுட்டேன்."

நான் வண்டிக்கு அருகே போனேன்.

"எந்தப் பக்கம் போனாரு?"

"பஸ் கேட்டாருக்கா. பொம்மசந்திரா போற பஸ்ஸு எங்க நிக்கும்னு. நான்தான் பிளாட்பாரம் காமிச்சேன். நல்லாதான் பேசினாரு. காணாமப் போனவரு மாதிரியே இல்ல."

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். அண்ணன் இன்றைக்கு என்ன போட்டிருந்திருக்கும் என்று கேட்டேன்.

"மஞ்சா டீ-ஷர்ட்டா இருக்கும்மா. ராத்திரி அதத்தான் போட்டுக்கினு மேல போச்சு, இப்ப கொடில இல்ல."

"நீலக் கட்டம் சட்டைக்கா?"

"அதுவா? அது பொங்கலுக்கு முன்னாடியே கிழிஞ்சு போச்சே. நான்தான் மெஷின் தொடைக்க வெட்டி வெச்சிருக்கேன். ஏன், நீ அதயா எழுதின? என்னக் கேக்கவே இல்லியேம்மா நீ."

கேட்கவில்லை. மூன்று மொழியில், எத்தனையோ குழுக்களில், தையல் மெஷின் துடைக்கிற ஒரு துணியை ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம். படம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். வண்டி ஓட்டுகிற இடைவெளியில் போனைப் பார்ப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டை நிறத்தை மனதில் வாங்கிக்கொள்கிறார். அண்ணன் அத்தனை பேர் கண்முன்னால் நடந்துபோயிருக்கிறான். நான் சொன்ன ஆள் அவன் இல்லை என்று, பார்த்தவர்களும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அவன் பொம்மசந்திராவுக்குப் போன பஸ் கீழே ஓசூர் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்திருக்கும். அல்லது அவன் அதற்குள் இறங்கி ஆபீஸைத் தேடி நடந்துகொண்டிருந்திருப்பான். மேலே மெட்ரோவில் நான் அவனைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்திருக்கிறேன்.

மறுபடியும் மெஜஸ்டிக், மறுபடியும் மெட்ரோ. இந்த முறை ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். மடியில் லேப்டாப்பைத் திறந்து கறுப்புத் திரையில் நீலக் கட்டத்தை அழித்தேன். மஞ்சள் டீ-ஷர்ட் என்று எழுத்துப்பிழையோடு அடித்தேன். பேன்ட் என்ன நிறம் என்று தெரியவில்லை, அந்த இடத்தை எடுத்துவிட்டேன். மூன்று மொழியிலும் மாற்றி ஒவ்வொரு குழுவாக ஒட்டினேன். வண்டி சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சிக்னல் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் வந்து நின்றது, போகவில்லை என்று. கண்ணாடிக்கு வெளியே கறுப்புச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் செய்ய முடிந்ததெல்லாம் அந்தக் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான்.

வண்டி வெளிச்சத்துக்கு ஏறியதும் எல்லாம் ஒரேயடியாகப் போயின. இன்னும் ஒரே ஒரு குழுதான் பாக்கி, எங்கள் ஆபீஸ் குழு. அதில் நான் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் போடுவேன். ஆங்கிலச் செய்தியை அதில் ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அனுப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், மாத்திரை சாப்பிட வேண்டியவர் என்ற வரிக்கு என்ன பொருள் என்பதும் புரிந்துவிடும். பிறகு தண்டவாளத்தில் கிடந்த போர்வை ஞாபகம் வந்தது. கீழே 'என் அண்ணன்' என்று சேர்த்து அடித்து அனுப்பினேன்.

லீடர்தான் முதலில் பதில் எழுதினார். 'கேட்டில் விசாரித்தேன். மதியம் நீ போன பிறகு ஒருவர் வந்து உன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உன் மேஜைக்குப் போன் அடித்திருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. வெளியே போகச் சொல்லிவிட்டார்களாம். எனக்குத் தெரியாமல் போயிற்று. மன்னித்துக்கொள்.' இத்தனை வருடம் மன்னிப்பு விற்றுப் பிழைக்கிறேன். ஒருவர் சொந்தமாக அடித்து அனுப்பிய மன்னிப்பைப் படித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வண்டி மாறி, பொம்மசந்திராவுக்குப் போகும் மஞ்சள் வழி மெட்ரோவில் ஏறினேன். போகச் சொல்லிவிட்டார்கள் என்றால் எங்கே போயிருப்பான்? ஆபீஸுக்கு வெளியே ஓசூர் ரோடு. லாரி, கன்டெய்னர், கம்பெனி பஸ் எதுவும் யாருக்காகவும் நிற்காது. காலை மாத்திரை இல்லை. மாலை மாத்திரை என் பையில் இருந்தது, அவசரத்துக்கு என்று எப்போதும் ஒரு பட்டை வைத்திருப்பேன். இத்தனை நேரத்துக்குள் குரல்கள் ஆரம்பித்திருக்கும். நெரிசலான ரோட்டைக் கடக்கிறவனிடம் அவை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த ரோட்டில் கூட்டம் சேர்ந்த இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டது. அப்புறம் மீதி வழி முழுக்க, அவனை உயிரோடு காட்டு, அது போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நாங்கள் சாமி கும்பிடாத குடும்பம். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

பொம்மசந்திராவில் இறங்கியபோது ஷிஃப்ட் விடும் நேரம். கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. அதைப் பிளந்துகொண்டு ஓடினேன். கேட்டில் நின்ற காவலாளி ஓசூர் பக்கத்துப் பெண். நான் வரும்போதெல்லாம் என் பையைத் திறந்து பார்ப்பவள். தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"மேடம், பயப்படாதீங்க. இருக்காரு. போகச் சொன்னோம், போகவே இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல நிக்கறாரு பாருங்க."

பார்த்தேன். பஸ் ஸ்டாப் கூட்டத்தில் ஒரு மஞ்சள் தெரிந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானத்துலேர்ந்து வெளிய வர ஒருத்தரையும் விடல மேடம். எல்லாரையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுட்டிருக்காரு. என்னையே எத்தன வாட்டி கேட்டுட்டாரு தெரியுமா?"

"என்ன கேட்டாரு?"

"'எங்க தங்கச்சியக் காணோம். பச்சை சுடிதார், வெள்ளைத் துப்பட்டா, கறுப்புப் பை, தலையில பிரவுன் க்ளிப்பு. பாத்தீங்களா'ன்னு."

நான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். பச்சை சுடிதார்தான். காலையில் கைக்கு அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு வந்தது, எனக்கே நினைவில் இல்லை. விளக்குப் போட்டால் அவன் விழித்துக்கொள்வான் என்று சமையலறை வெளிச்சத்திலேயே தலைவாரி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தேன். அவன் தூங்கவில்லை. படுத்தபடியே என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்து வைத்திருக்கிறான். க்ளிப்பின் நிறம்வரை.

எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று தெரியாது. யாரோ பிரேக் அடித்துத் திட்டினார்கள். அண்ணன் இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் பயந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அவன் முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். ஓடி வரவில்லை, சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்துச் சரிபார்த்துக்கொண்டான்.

"எங்க போயிட்ட பாப்பா? உள்ள இல்லன்றாங்க."

மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கொடுத்தேன். முழுப் பாட்டிலையும் குடித்தான். நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, ஆபீஸ் கூட்டம் பார்க்கப் பார்க்க, துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது. எனக்கு அவன் வேண்டும். அதை அவ்வளவு தெளிவாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

அண்ணன் என் பக்கத்தில் உட்காரவில்லை. அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. முதலில் அந்த இரண்டு பெண்பிள்ளைகளிடம் போனான். "கெடச்சுட்டா" என்று என்னைக் காட்டிச் சொன்னான். பிறகு ஸ்டாப்பில் கடலை விற்றுக்கொண்டிருந்தவரிடம், "கெடச்சுட்டாங்க, எங்க தங்கச்சி." பஸ்ஸுக்கு நின்ற ஒவ்வொருவரிடமும் போனான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற காவலாளிப் பெண்ணைப் பார்த்துக் கையை வாயருகே குவித்து, "கெடச்சுட்டா" என்று கூப்பிட்டுச் சொன்னான். மதியத்திலிருந்து தான் கேட்ட அத்தனை பேருக்கும் சொல்லியாக வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. ஒருவரையும் விடாமல் சொல்லி முடிக்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.